நான் நீக்கிய மூன்றாவது வார்த்தை

ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரில் இருந்த ஒரே ஒரு வார்த்தையை என் கையால் எடுத்துவிட்டேன். அதனால் என் சிநேகிதனுடைய அப்பா இறந்துபோனார். இந்த இரண்டு வாக்கியங்களை எழுத எனக்குப் பல வருடங்கள் ஆகியிருக்கின்றன. மாதாவின் கிருபையால் இன்று எழுதிவிட்டேன். மற்றதெல்லாம் இது எப்படி நடந்தது என்பதுதான்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பிளஸ் டூ முடித்து, நாகப்பட்டினத்தில் ஒரு வருடம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தேன். எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் எல்லாரும் அப்போது வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒருவன் வெளியே இருப்பான். அவன் அனுப்பிய டேப் ரிக்கார்டர் வீட்டில் பாடிக்கொண்டிருக்கும். நானும் பாஸ்போர்ட் எடுத்தேன். மெடிக்கலில் நெஞ்சுப் படம் சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேளாங்கண்ணிக்கு மேற்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. தஞ்சாவூரில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்கு அது கிளை. கல்யாணம் ஆயிற்று, இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். ஆண்டவர் என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

என் சிநேகிதனுக்கு மெடிக்கல் சரியாக வந்தது. திருவாரூர் ரயிலடியில் அவனை ஏற்றிவிடப் போனபோது பெட்டியை உள்ளே வைத்துவிட்டுத் திரும்ப இறங்கி வந்தான்.

"அப்பாவப் பாத்துக்கடா. அம்மாவும் இல்ல. ஒன்ன நம்பித்தான் போறேன்."

"போடா. எங்க அப்பா மாதிரிதான் அவரும்."

அவனுடைய அப்பாவை நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். நாலு தலைமுறையாக ஊரான் வயலில் நாற்றுப் பறித்த குடும்பம். மகன் போய் மூன்றாவது வருடத்தில் வாய்க்காலுக்குப் பக்கத்தில் ஒன்றரை மா நிலம், அரை ஏக்கர் அளவு, அவர் பேரில் பட்டாவானது. அன்றிலிருந்து அவர் செருப்புப் போடவில்லை. கேட்டால், "சொந்த மண்ண மிதிக்கச் செருப்பு எதுக்கு தம்பி" என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது நோயாளிகளின் விவரம் எல்லாம் அட்டையில் இருந்தது. பிறகு எல்லாவற்றையும் தஞ்சாவூரில் ஒரே மெஷினில் ஏற்றினார்கள். அதைச் சர்வர் என்பார்கள். நாங்கள் இங்கே டோக்கன் நம்பரைத் தட்டினால் அங்கேயிருந்து அந்த ஆளின் பக்கம் வரும். பழைய அட்டைகளைச் சாக்கில் கட்டி ஜெனரேட்டர் கொட்டகையில் போட்டோம். அந்த ஐப்பசி மழையில் கொட்டகைக்குள் தண்ணீர் ஏறி, அட்டைகள் கூழாகிவிட்டன. யாரும் கவலைப்படவில்லை. அதுதான் தஞ்சாவூரில் இருக்கிறதே.

நாங்கள் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் மதகுக்கு வரும்போது கணுக்கால் நனைகிற அளவுதான் இருக்கும். டெலிபோன் லைனும் அப்படியே. தஞ்சாவூரில் இருப்பவர்களுக்குக் கண்ணை மூடித் திறப்பதற்குள் வருகிற பக்கம், எங்களுக்கு வர மூன்று நான்கு நிமிடம் ஆகும். அதனால்தான் அந்த புரோகிராமில் சுருக்கி அனுப்புகிற ஏற்பாடு இருந்தது. வளைகுடாப் பெட்டியில் துணியை அமுக்கி, மேலே உட்கார்ந்து மூடுவது போல, சர்வர் பக்கத்தை அமுக்கி அனுப்பும். எங்கள் மெஷின் பிரித்து விரிக்கும். எப்படி அமுக்கியது என்று தெரிந்தால்தான் பிரிக்க முடியும். ஆகவே இரண்டு மெஷினும் முதலில் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும்.

அது எனக்கு உடனே புரிந்தது. எங்கள் அப்பா மாட்டுத் தரகர். சந்தையில் இரண்டு பேர் ஒரு துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. விரல் கணக்குத் தெரியாத வெளியூர் ஆள் வந்தால் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வாயாலயே சொல்லுங்க" என்பார். நேரம் ஆகும், நாலு பேர் காதில் விழும். ஆனால் வியாபாரம் நின்றுபோகாது.

எங்கள் மெஷினின் செட்டிங்கிலும் அப்படி ஒரு வரி இருந்தது. அதில் மூன்று ஆங்கில வார்த்தைகள். முதல் இரண்டும் சுருக்குகிற இரண்டு முறைகள். மூன்றாவதற்கு, சுருக்காமல் அப்படியே அனுப்பு என்று அர்த்தம். எங்கள் மெஷின் இந்த மூன்றையும் சொல்லும். சர்வர் தனக்குத் தோதான ஒன்றை எடுத்துக்கொள்ளும். மூன்றாவது வார்த்தைதான் அப்பா தோளில் போட்ட துண்டு.

ஆனால் தஞ்சாவூரில் காலை பத்து மணிக்குக் கூட்டம் நெரியும்போது சர்வருக்குச் சுருக்க நேரம் இருக்காது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்துவிடும். பக்கம் வரி வரியாக இறங்கும். வராந்தாவில் அறுபது பேர் நிற்பார்கள்.

"என்ன தம்பி, தஞ்சாவூர்லேருந்து பேப்பர் நடந்தே வருதா?"

"சைக்கிள் கேரியர்ல குந்த வச்சாவது கூட்டியாங்க, புண்ணியமாப் போவும்."

வெளிநோயாளிப் பிரிவைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "மெஷின் ஜெபமாலை சொல்லி முடிச்சுதா, இல்ல இன்னும் பிரார்த்தனை பாக்கியா?" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளே சுருக்கென்று இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் அந்த வரியைத் திறந்து மூன்றாவது வார்த்தையை அழித்தேன். இனி சர்வர் சுருக்கித்தான் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் முடியாது என்று சொல்ல வேண்டும். முடியாது என்று சொன்னால் திரும்ப ஒரு தட்டுத் தட்டினால் போகிறது. அவ்வளவுதான் என் யோசனை. யாரிடமும் கேட்கவில்லை. செட்டிங் மாற்றினால் எழுதி வைக்க என்று ஒரு நோட்டு இருந்தது. அதிலும் எழுதவில்லை.

வேலை செய்தது. சர்வரில் கூட்டமாக இருக்கும்போது திரையில் சிவப்புப் பெட்டி வரும், மறுத்துவிட்டது என்று. நான் ஒரு "அருள் நிறைந்த மரியே" சொல்லிவிட்டு மறுபடி தட்டுவேன். இரண்டாவதிலோ மூன்றாவதிலோ இறங்கிவிடும். வந்தால் பக்கம் படபடவென்று வந்து நிற்கும். வரிசை கரைந்தது. சிஸ்டர் தஞ்சாவூருக்குப் போனபோது, எங்கள் கிளைதான் எல்லாவற்றிலும் வேகம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். எனக்குப் பொங்கலுக்கு ஒரு வேட்டி கொடுத்தார்.

அந்த ஜெபத்தை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. மனசாரத்தான் சொன்னேன். மாதா எனக்காக அந்த மெஷினிடம் பேசுகிறாள் என்றே நம்பினேன். நாளாக ஆக, சிவப்புப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டேன். சிவப்பு வந்தால் ஜெபம், ஜெபம் முடிந்தால் தட்டு. கை தானாகச் செய்தது.

அந்த வருடத்தில்தான் பெரியப்பாவுக்குத் தஞ்சாவூரில் ஒரு ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு நின்றுபோய், பிழைத்தார். அங்கே டாக்டர் அந்த ஊசியின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, இதை எங்கே போனாலும் காட்டுங்கள் என்றாராம். கம்ப்யூட்டரிலும் ஏற்றினார்கள். பெரியப்பா அந்தச் சீட்டைச் சுருக்குப்பையில் வெற்றிலையோடு வைத்துக்கொண்டு அலைந்தார். ஒரு நாள் என்னிடம் எடுத்துக் காட்டினார். சுண்ணாம்புக் கறை படிந்து ஓரம் கிழிந்திருந்தது.

"இது இனிமே எதுக்கு பெரியப்பா? எல்லாம் மெஷின்ல இருக்கு. நான்தான இருக்கேன்."

"அதுவும் சரிதான். நீ இருக்கும்போது எனக்கு என்ன."

சீட்டை வாங்கி நான்தான் குப்பைக்கூடையில் போட்டேன்.

அடுத்த ஆவணியில் தஞ்சாவூரிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. சனி ஞாயிறில் புது சர்வர் மாற்றுகிறோம். கிளைகளில் இருக்கிற பழைய புரோகிராமுக்குப் புது சர்வரின் சுருக்கும் முறை தெரியாது. எல்லாருக்கும் புது புரோகிராம் போட ஒரு வாரம் ஆகும். அதுவரை பக்கங்கள் மெதுவாக வரும், பொறுத்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. படித்தேன். மெதுவாக வரும் என்ற இடத்தில் மனசுக்குள் சிரித்தேன். நம்மிடம்தான் மெதுவே கிடையாதே என்று நினைத்தேன். அந்த ஒரு வாரம் சுருக்காமல் வருகிற மெதுவான வழி ஒன்றுதான் திறந்திருக்கும் என்று யோசிக்கவில்லை. என்னை நானே மன்னிக்க முடியாத இடம் இதுதான். காகிதத்தில் தமிழில் எழுதி என் கையில் கொடுத்திருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு முந்தின நாள். ரோடு முழுக்கக் காவி உடுத்திய பாதயாத்திரை ஜனங்கள். பெரியப்பாவை இரண்டு பேர் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வயலில் ஏதோ தகரம் குத்தி நாலு நாளாயிற்றாம், யாரிடமும் சொல்லவில்லை. கால் முழங்கால் வரை வீங்கிப் பளபளவென்று இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

என்னைப் பார்த்ததும், "அவங்கிட்ட கால் விசயத்தச் சொல்லிராத தம்பி. அங்க ஒத்தையில கெடந்து பதறுவான்" என்றார். தெளிவாக அவர் பேசியது அதுதான் கடைசி.

டாக்டர் புதிதாக வந்தவர், சின்ன வயது. நல்ல மனிதர். இதை நான் சாட்சியாகவே சொல்கிறேன், அவர்மேல் ஒரு தப்பும் கிடையாது.

"இவருக்கு எதாவது ஆகாத மருந்து இருக்கா?"

"இருக்கு சார். ஒரு ஊசி ஆகாது. பேரு ஞாபகம் இல்ல. இதோ பக்கம் வந்துரும்."

நம்பரைத் தட்டினேன். சிவப்பு. ஒரு அருள் நிறைந்த மரியே. தட்டினேன். சிவப்பு. எப்போதும் போலத்தான் என்று நினைத்தேன். திங்கட்கிழமை, திருவிழா நேரம், தஞ்சாவூரில் கூட்டமாக இருக்கும். பத்து முறை ஆயிற்று. ஜெபமாலையில் ஒரு பத்து. திரித்துவப் புகழ் சொல்லிவிட்டு அடுத்த பத்தைத் தொடங்கினேன்.

"என்ன ஆச்சு?" என்று டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார். வந்துரும்."

சிஸ்டர் தஞ்சாவூருக்கு போன் போட்டுப் பார்த்தார். திருவிழாக் கூட்டத்தில் எல்லா லைனும் பிஸி என்றே வந்தது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். ஜெபத்தின் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. ஐந்து பத்தும் முடிந்தது. ஐம்பது தடவையும் அந்தச் சிவப்புப் பெட்டியில் ஒரே வரிதான் இருந்திருக்கிறது. கூட்டத்தால் மறுக்கும்போது வருகிற வரி அது இல்லை. இரண்டு பேருக்கும் பொதுவான முறை எதுவும் இல்லை என்கிற வரி. எனக்கு அந்த அளவு ஆங்கிலம் தெரியும். கண்ணைத் திறந்து ஒரு தடவை படித்திருந்தால் போதும். வரியைத் திறந்து அந்த வார்த்தையைத் திரும்ப அடித்து மெஷினை ஒரு தடவை அணைத்துப் போட ஐந்து நிமிடம். பிறகு பக்கம் நடந்தே வந்தாலும் நாலு நிமிடம்.

நான் கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் டாக்டர் பொறுத்துப் பார்த்தார். பெரியப்பாவின் நாடி ஓட்டமெடுத்தது, பேச்சு குழறியது. "இனிமே விட முடியாது" என்றார். பொதுவாகப் பலருக்கும் ஆகாமல் போகிற ஊசியை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுத்தார். தோலில் கொஞ்சம் போட்டுப் பார்த்தார். தடிக்கவில்லை. அப்புறம்தான் போட்டார்.

பெரியப்பாவுக்கு ஆகாதது அந்த வேறொன்றுதான்.

அவர் முகம் வீங்கியதையும் பிறகு நடந்ததையும் நான் எழுதப்போவதில்லை. டாக்டர் மாற்று மருந்து போட்டு, கொஞ்சம் மூச்சு வந்ததும் ஆம்புலன்ஸில் நாகப்பட்டினத்துக்கு ஏற்றினோம். நான் கூடப் போனேன். எதிரே பாதயாத்திரை ஜனங்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு பாடிக்கொண்டே வந்தார்கள். டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார். பாவம், அவர்களும் ஒதுங்கத்தான் பார்த்தார்கள். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் கடை, ஒதுங்க இடமில்லை. ஜன்னல் வழியாக ஒரு அம்மாள் உள்ளே பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். மாதாவைப் பார்க்கப் போகிற கூட்டத்துக்கு நடுவில், என் மடியில் அவர் தலை இருக்கும்போது, அவர் போய்விட்டார். செருப்பில்லாத கால் வண்டி குலுங்கும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் சேதி கேட்டு என் சிநேகிதன் போன் செய்தான். எங்கள் தெரு முனையில் இருந்த பூத்துக்கு வந்தது. கார்டு போட்டுப் பேசுகிறவன், எத்தனை நிமிடம் பாக்கி என்று அங்கே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கும்.

"நீ கூட இருந்தியாடா?"

"இருந்தேன்."

"என்னடா ஆச்சு? சுருக்கமாச் சொல்லு, கார்டு தீந்துரும்."

"கால்ல சீழ் வச்சு, காச்ச அதிகமாயி… தாங்கல."

"நீ இருந்தியே, அது போதும்டா."

போன் அறுந்தது. அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அடக்கத்தில் மகன் செய்ய வேண்டியதை நான்தான் செய்தேன். முதல் பிடி மண்ணும் நான்தான் போட்டேன்.

மூன்றாம் நாள் தஞ்சாவூரிலிருந்து இன்ஜினியர் வந்தார். மெஷின் முன்னால் உட்கார்ந்து அந்த வரியைத் திறந்தவர், திரையில் விரலை வைத்தார்.

"இதுல ஒரு வார்த்தையக் காணோம். யாரு எடுத்தா?"

"தெரியல சார்."

"வேற யாரும் இதத் தொடுவாங்களா?"

"தெரியல சார்."

என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்று சிஸ்டர் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தையைத் திரும்ப அடித்தார். ரிப்போர்ட்டில் லைன் கோளாறு என்று எழுதினார். போகும்போது வாசலில் நின்று, "மெதுவா வந்தா ஜனங்க திட்டத்தான் செய்வாங்க. திட்டட்டுமே" என்றார்.

அந்தத் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்று பாவமன்னிப்புக் கொடுத்தார். பிறகு, "ஆனா மகன்கிட்ட நீ சொல்லணும். அத நான் ஒனக்காகச் சொல்ல முடியாது" என்றார். சரி சாமி என்றேன். வீட்டுக்கு வந்து ஒரு கடிதம் எழுதினேன், கிழித்தேன். பெரியப்பாவே அவனிடம் சொல்லாதே என்றாரே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் சொன்னது காலில் பட்ட காயத்தை. அது எனக்கும் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து அவன் வந்தான். எனக்கு ஒரு கைக்கடிகாரம், என் மனைவிக்குச் சேலை, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொம்மை. என் வீட்டில் வந்து சம்மணம் போட்டுச் சாப்பிட்டான். "எங்க அப்பாவ நீதான்டா மகனா இருந்து அனுப்பி வச்ச" என்றான். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவனைக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மெழுகுவர்த்தி ஏற்றினான். அங்கே வைத்துச் சொன்னேன். எதையும் சுருக்காமல் சொன்னேன். அந்த வார்த்தை, சுருக்குப்பைச் சீட்டு, சுற்றறிக்கை, ஐம்பது தடவை தட்டியது, இன்ஜினியரிடம் சொன்ன பொய், எல்லாம். நேரம் ஆயிற்று. மெழுகுவர்த்தி பாதிக்கு வந்துவிட்டது. முடிந்ததும் இரண்டே இரண்டு கேள்வி கேட்டான்.

"அந்த வார்த்தையத் திரும்பப் போட எவ்வளவு நேரம்டா ஆவும்?"

"அஞ்சு நிமிசம்."

"எவ்வளவு நேரம் ஒக்காந்திருந்த?"

"அரை மணிக்கு மேல."

சரி என்பது போல் தலையை ஆட்டினான். எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். நடந்து போய்விட்டான். அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

இப்போது அவன் ஊரோடு வந்துவிட்டான். அந்த ஒன்றரை மாவோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துப் பயிர் செய்கிறான். நான் அந்த வேலையை விட்டு வேறு வேலைக்குப் போய் ஓய்வும் பெற்றாயிற்று. என் பெண்ணின் கல்யாணத்துக்கு வீட்டில் போய்ப் பத்திரிகை வைத்தேன். வாங்கிக்கொண்டான். வரவில்லை. அவன் மனைவி மட்டும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

ஜெபமாலை நான் இன்னும் சொல்கிறேன். விட்டுவிட என்னால் முடியாது, அது இல்லாமல் எனக்கு வேறென்ன இருக்கிறது. ஆனால் கண்ணைத் திறந்துகொண்டுதான் சொல்கிறேன். என் மனைவி முதலில் கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவன் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவான். ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்ளுங்கள் என்று சாமியார் சொன்னதும் எல்லாரும் கைகூப்பிச் சுற்றிலும் திரும்புவார்கள். அவனும் திரும்புவான். வலது பக்கத்தாரைக் கும்பிடுவான், இடது பக்கத்தாரைக் கும்பிடுவான். பின்னால் திரும்பி, எனக்கு முன்வரிசையில் இருப்பவர் வரைக்கும் வருவான். அங்கே நிறுத்திக்கொண்டு பீடத்தைப் பார்க்கத் திரும்பிவிடுவான்.

நான் கூப்பிய கையோடு நிற்பேன். எல்லாரும் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவேன்.